ஆணியில் தொங்கும் ஹெல்மெட்

ஜனவரி 9

அன்புள்ள எலும்பு,

உறையைப் பார்த்ததுமே யார் கையெழுத்து என்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதாக இருந்தால் முதல் பக்கத்தையாவது படித்துவிட்டுக் கிழி. என் நம்பரை நீ பிளாக் செய்து இன்றோடு இருபத்திரண்டு நாள். ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் யாரோ எடுத்து, "மேடம் எக்ஸ்ரே படம் எடுத்துட்டு இருக்காங்க" என்றார்கள். உங்கள் ஊரில் அவ்வளவு பேருக்கா கை கால் முறிகிறது?

டிவி தொடருக்கு செட் அலங்காரம் செய்கிறவள் கடிதம் எழுத என்ன இருக்கிறது என்று நினைக்காதே. என் வேலையில் அதுவும் சேர்த்தி. கதையில் யாருக்காவது கடிதம் வந்தால் அதை எழுதுவது நான்தான். கேமராவில் எழுத்து தெரியவேண்டும், முத்து முத்தாக இருக்கவேண்டும். 'இனி என்னைத் தேட வேண்டாம்' வகையறாவில் நாற்பது கடிதமாவது எழுதியிருப்பேன். நடிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். எனக்காக எழுத உட்கார்ந்தால் நாலு தாள் கசங்கிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், ஏழு மணித் தொடரில் அந்தப் பெண் குடிவந்திருக்கும் வீட்டின் கூடம் உன் வீட்டுக் கூடம்தான். இரண்டே நாளில் செட் வேண்டும் என்றார்கள். மாமியார் வேஷத்துக்குப் பேசிவைத்த அம்மாள் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், மாமியாரையே கதையிலிருந்து தூக்கிவிட்டு, பெண்ணைத் தனிவீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "காத்துக்கிட்டு இருக்கிற ஒரு பொண்ணோட வீடு. அவ்வளவுதான்" என்று டைரக்டர் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு யோசிக்க நேரமில்லை. நினைவில் இருந்ததை வைத்தேன். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சுவர், படகுப் படம் போட்ட திரைச்சீலை, ஏழு நிமிஷம் முன்னால் ஓடும் கடிகாரம், வாசல் பக்கத்து ஆணியில் உன் வீட்டுக்காரரின் கறுப்பு ஹெல்மெட். எல்லாம் வைத்த பிறகுதான் இது யார் வீடு என்று எனக்கே உறைத்தது.

விடுதியில் நாம் விளையாடுவோமே, 'பின்னால் என்ன?'. சாப்பாட்டுக் கூடத்து டிவியில் படம் ஓடும்போது மற்றவர்கள் கதாநாயகனைப் பார்ப்பார்கள், நாம் அவனுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியைப் பார்ப்போம். காட்சி முடிந்ததும் யார் அதிகப் பொருள் சொல்கிறோமோ அவளுக்கு மறுநாள் பெருக்கும் வேலை கிடையாது. நீ ஒரு நாளும் பெருக்கியதாக எனக்கு ஞாபகமில்லை. படத்தின் பெயரே நமக்குத் தெரியாது. மஞ்சள் சோபா படம், இரட்டை மாடிப்படி படம், மீன்தொட்டி வில்லன் படம் என்றுதான் சொல்வோம். உன் வீடு டிவியில் வருவதைப் பார்த்தால் நீ சிரிப்பாய் என்று நினைத்துவிட்டேன், அது என் தப்பு.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கூடத்தைத்தானே காட்டினேன், உன்னையா காட்டினேன்? அதற்குப் பதினைந்து வருஷப் பழக்கத்தையே அறுத்துவிட வேண்டுமா? எனக்கும் கோபம் வரும்.

கழுத்தில் அளவு நாடாவோடு அலைகிறேன் என்று நீ பெயர் வைத்த,
டேப்பு


ஜனவரி 17

டேப்புக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் அதில் ஒரு பொய் இருக்கிறது, அதை விட்டுவிட என்னால் முடியவில்லை.

நினைவில் இருந்ததை வைத்தேன் என்கிறாய். உன் செட்டில் டிவிக்குக் கீழே உள்ள பலகையில் மடித்து வைத்த ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது. இடது காலில் வெள்ளை பிளாஸ்திரி சுற்றியது. அது என் கண்ணாடி. நீ ஆபரேஷன் முடிந்து என் வீட்டில் பத்து நாள் இருந்தாயே, அதில் மூன்றாம் நாள் சாயங்காலம் அது உடைந்தது. மறுநாள் காலையிலேயே கடையில் கொடுத்து மாற்றிவிட்டேன். ஒரே ஒரு சாயங்காலம்தான் அது அந்தப் பலகையில் இருந்தது. அன்று நீ மாத்திரை மயக்கத்தில் என் பெயரையே தப்பாகச் சொன்னாய். ஞாபகம் வைத்துக்கொள்கிற நிலையில் நீ இல்லை. ஆகவே உன் போன் ஞாபகம் வைத்திருக்கிறது. என் கூடத்தைப் போட்டோ எடுத்திருக்கிறாய், எடுத்ததை யார் யாரிடமோ கொடுத்திருக்கிறாய்.

விளையாட்டில் நான்தான் ஜெயிப்பேன் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

'உன்னையா காட்டினேன்' என்று கேட்டாயே, அதற்கும் பதில் சொல்கிறேன். டிசம்பரில் ஒரு நாள் என் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, வீட்ட ஷூட்டிங்குக்கு விட்டிருக்கீங்களா? அண்ணனோட ஹெல்மெட் கூட டிவில வருது" என்றாள். ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தோம். அத்தை பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் ஆறு மாத வேலை என்று வெளியூர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கிளம்பிப் போய் ஆறாவது மாதமே ஆஸ்பத்திரிக்கு எனக்குப் போன் செய்து, இனி வரமாட்டேன், இங்கே வேறு ஒருத்தியோடு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அப்போது மெஷின் முன்னால் ஒரு பெரியவர் நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு நின்றுகொண்டிருந்தார். மூச்சைப் பிடிங்க என்று சொல்லியிருந்தேன். விடுங்க என்று சொல்ல மறந்துவிட்டேன். பாவம், முகம் சிவந்துபோய் அவரே கேட்டார், "விட்டுடட்டுமாம்மா?" என்று. இதை உன் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன். அத்தையிடம் வேலை நீண்டுகொண்டே போகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏன் மறைக்கிறாய் என்று நீயும் பல தடவை கேட்டுவிட்டாய். அத்தை அவரைப் பெற்றவர். மகன் வரமாட்டான் என்று தெரிந்த பிறகு என்னோடு எந்த உறவில் இருப்பார்? நாத்தனார் ஒரு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், பெட்டியோடு கிளம்பிவிடுவார். எனக்கு அம்மா இல்லை. வேலை முடிந்து கதவைத் திறந்ததும், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்க இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். அவர் போய்விட்டால் நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவே மாட்டேன், எக்ஸ்ரே அறையிலேயே படுத்துக்கொள்வேன்.

உன் தொடரில் அந்தப் பெண்ணின் புருஷனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது, அது ஊருக்கே தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. தினமும் ஏழு மணிக்கு அத்தையும் நானும் எங்கள் சோபாவில் உட்கார்ந்து எங்கள் சுவரையே டிவியில் பார்க்கிறோம். நான் கதையைப் பார்ப்பதில்லை, அத்தை முகத்தைத்தான் பார்க்கிறேன். "மாமியார் இல்லாத வீடு, அதான் இப்படி இருக்கு" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். பார்க்க வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்.

ஹெல்மெட்டை எடு. சுவருக்கு வேறு நிறம் அடி. அதற்கு மேல் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கையெழுத்து அவசியமில்லை.


ஜனவரி 24

அன்புள்ள எலும்பு,

போட்டோ எடுத்தது உண்மை. மொத்தம் பதினேழு. போன கடிதத்தில் பொய் சொன்னதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் இருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பாய், அதுவே சுலபமாக இருந்திருக்கும்.

ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சிரிப்பாய். எங்கள் வேலையில் 'கன்டினியூட்டி' என்று ஒன்று உண்டு. ஒரு காட்சியைத் திங்கட்கிழமை பாதி எடுப்பார்கள், மீதியை வியாழக்கிழமை எடுப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒரே மூச்சில் நடந்தது போல இருக்கவேண்டும். அதனால் ஷாட் முடிந்ததும் நான் அறையைச் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொள்வேன். தலையணைச் சுருக்கம், தண்ணீர் தம்ளரில் எவ்வளவு தண்ணீர், நாட்காட்டியில் என்ன தேதி, எல்லாம் அதே மாதிரி திரும்ப வைக்கவேண்டும். அது எனக்கு ஊறிப்போய்விட்டது. யார் வீட்டில் தங்கினாலும் கை போனை எடுத்துவிடும், நான் எதையாவது இடம் மாற்றி வைத்துவிடக்கூடாதே என்ற பயம். உன் வீட்டிலும் அப்படித்தான் எடுத்தேன். அதைக் கலை இயக்குநரிடம் நீட்டியதுதான் நான் செய்த துரோகம். இரண்டு நாள் கெடு என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. பதினேழையும் அழித்துவிட்டேன்.

சுவருக்கு நிறம் மாற்ற முடியாது எலும்பு. முப்பத்தைந்து எபிசோடு போய்விட்டது. ஹெல்மெட்டையும் எடுக்க முடியாது, கதை எழுதுகிறவர் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். அந்தப் பெண் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவதாக வாரம் இரண்டு காட்சி எழுதுகிறார். உன் வீட்டில் அது எப்போதும் பளபளவென்று இருக்கும், ஞாயிற்றுக்கிழமை நீ துடைப்பாய், புதன்கிழமை அத்தை துடைப்பார். செட்டில் அதைத் துடைக்க யார் இருக்கிறார்கள்? அதனால் தூசியை நானே பவுடர் போட்டு ஒற்றி வைத்தேன்.

இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், வந்தாலும் சொல்கிறேன். என் செட்டுக்காவது கன்டினியூட்டி பார்க்கச் சம்பளம் கொடுக்கிறார்கள். உன் வீடு இரண்டு வருஷமாகச் சம்பளமில்லாமல் கன்டினியூட்டியில் இருக்கிறது. நாளைக்கே அவர் வந்து நின்றால் போன நாளுக்கு மறுநாள் மாதிரி இருக்கவேண்டும் என்று நீ வைத்திருக்கிறாய். அவர் வரமாட்டார் என்று தெரிந்தவளே நீதான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் வீடு கட்டுகிற என் அறையில் ஜன்னலுக்குத் திரை கிடையாது, பழைய செட்டின் பேனரைக் கட்டியிருக்கிறேன். பல்பு வயரில் தொங்குகிறது. அங்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. உன் வீட்டில் இருந்த பத்து நாளும் அத்தை என் தலையை வாரிவிட்டார். 'காத்திருக்கிற வீடு' என்று டைரக்டர் சொன்னபோது எனக்கு 'வீடு' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன்.

டேப்பு


பிப்ரவரி 2

டேப்புக்கு,

கன்டினியூட்டி பற்றி நீ எழுதியதை இரண்டு நாள் மன்னிக்கவில்லை. மூன்றாம் நாள் துணி மடிக்கும்போது அவருடைய பழைய சட்டையையும் சேர்த்து மடித்து அலமாரியில் வைத்தேன். அது துவைக்கவே போடாத சட்டை. ஏன் எடுத்தேன், ஏன் மடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

வேறு ஒன்று கேட்க வேண்டும். புதன்கிழமை அத்தை துடைப்பார் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது தெரியாது. நான் இல்லாத நேரத்தில் நடந்திருக்க வேண்டும், புதன் எனக்குக் காலை டியூட்டி. ஞாயிறு துடைத்தது வாரம் முழுக்கத் தூசி படியாமல் இருக்கிறதே என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. எலும்பில் மயிரளவு கீறல் இருந்தால் கண்டுபிடித்துவிடுகிறவள், கூடத்தில் நடப்பதைப் பார்க்கவில்லை.

நீ இன்னொரு தடவை பொய் சொல்கிறாயோ என்று சோதித்துப் பார்த்தேன். செவ்வாய் சாயங்காலம் ஹெல்மெட்டின் மேல் ஒரு துண்டுப் பஞ்சை ஒட்டி வைத்தேன். புதன்கிழமை டியூட்டி முடிந்து வந்து பார்த்தேன். பஞ்சு இல்லை.

டேப்பு, அத்தை இன்னும் அவர் வருவார் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியாமல் துடைத்து வைக்கிறார் என்றால் எவ்வளவு ஆசை இருக்கவேண்டும். நான் வாய் திறக்காமல் அந்த அம்மாவை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். துடைக்கும்போது என்ன செய்வார், அழுவாரா, ஏதாவது சொல்வாரா? நீ கூடத்துக் கட்டிலில்தானே படுத்திருந்தாய். பார்த்ததைப் பார்த்தபடி எழுது, உன் அலங்காரம் எதுவும் வேண்டாம்.

எலும்பு


பிப்ரவரி 8

அன்புள்ள எலும்பு,

கடைசியில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் கடிதத்தைப் படித்தேன்.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். நான் இருந்தபோது ஒரு புதன்கிழமைதான் வந்தது. நீ காலையில் கிளம்பிப் போனதும் அத்தை பழைய துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தார். ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுக்கவில்லை, தொங்கினபடியே துடைத்தார். அழவில்லை. ஆசையாகத் துடைத்தார் என்றும் சொல்ல மாட்டேன். கரி பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பது போல அழுத்தித் தேய்த்தார். "புதன்கிழம புதன்கிழம துடைக்கிறதுதான், இல்லன்னா தூசி அடஞ்சுபோகும்" என்று என்னிடம் சொன்னார். முடித்ததும் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "இருந்து தொல" என்றார்.

நான் சிரித்தேன். தையல் வலித்தது, அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மகன்மேல் உள்ள செல்லக் கோபம் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது அப்படித் தோன்றவில்லை. வருகிறவனுக்காகத் துடைக்கிறவர்கள் அப்படிச் சொல்வார்களா? எனக்குத் தெரியவில்லை. நீ அவரோடு இருக்கிறவள், நீயே பார்த்துக்கொள்.

இன்னொரு விஷயம். ஹெல்மெட்டை எடுத்துவிட்டேன்.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டார்கள். ஒரே நாளில் மூன்று எபிசோடு எடுத்த அவசரத்தில், நடிகை தலை பின்னிக்கொண்டிருந்தபோது, ஆணியிலிருந்து கழற்றிச் சாமான் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். யாரும் கவனிக்கவில்லை. எடிட்டிங்கில் தெரிந்து டைரக்டர் என்னை யூனிட்டே கேட்கக் கத்தினார். "பதினோரு வருஷத்துல உங்ககிட்ட கன்டினியூட்டி தப்பே பார்த்ததில்லையே" என்றார். மறுபடி எடுக்க நடிகையின் தேதி இல்லை. அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள், அதை மடித்து இந்த உறையில் வைக்கலாமா என்று யோசித்தேன், அப்புறம் சினிமாத்தனமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

இருபதாம் தேதி ஒளிபரப்பாகும். நீ கேட்டதில் பாதியைத்தான் செய்ய முடிந்தது. சுவர் அப்படியேதான் இருக்கிறது.

டேப்பு


பிப்ரவரி 23

அன்புள்ள டேப்பு,

இது நீண்ட கடிதமாக இருக்கும், பேனாவுக்கு மை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இருபதாம் தேதி டியூட்டியை மாற்றிக்கொண்டு ஆறரைக்கே வந்துவிட்டேன். "என்ன இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம்?" என்று அத்தை கேட்டார். சீக்கிரம் வந்தாலும் அவருக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. உன் கடிதத்தை நான் அவரிடம் காட்டவில்லை. 'இருந்து தொல' என்பதைப் பற்றி ஒரு வாரமாகக் கேட்க வாய் வரும், வந்ததும் வேறு எதையாவது கேட்டுவிடுவேன். ஒரு நாள் உப்பு எங்கே என்று கேட்டேன். உப்பு என் கையில் இருந்தது.

ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். அந்தப் பெண் வந்தாள், ஜன்னலைத் திறந்தாள், வழக்கம்போல வாசல் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டாள். அங்கே வெறும் ஆணி. பாவம் உன் நடிகை, ஆணியைப் பார்த்தே உருகினாள்.

அத்தை முன்னால் குனிந்தார். "ஆணி காலியா இருக்கு" என்றார். டிவியைப் பார்த்தார், திரும்பி எங்கள் வாசல் பக்கம் பார்த்தார், மறுபடி டிவியைப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு விடுங்க என்று சொல்ல ஆளில்லை.

"அவளுக்குத் தெரியும்னு நினைக்கிறியா?" என்று கேட்டார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எவளுக்கு அத்தை?"

"அந்தப் பொண்ணுக்கு. புருஷன் வரமாட்டான்னு."

தெரிந்திருக்கும் என்றேன். தெரிந்தும் ஏன் அதை மாட்டி வைத்திருந்தாள் என்று கேட்டார். வீட்டில் இருக்கிறவர்களுக்காக இருக்கும் என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"அவ மாமியாருக்கும் தெரியும்" என்றார் அத்தை. "ஒரு வருஷத்துக்கு முன்னாடியே போன்ல சொல்லிட்டான். எப்படி இவகிட்ட சொல்றதுன்னுதான் சொல்லல."

டேப்பு, உன் தொடரில் மாமியாரே கிடையாது.

அதற்கப்புறம் நான் டிவியைப் பார்க்கவில்லை. எனக்கும் தெரியும் அத்தை, ஒன்றரை வருஷமாகத் தெரியும் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. விளம்பரம் வந்ததும் சத்தத்தைக் குறைத்தார், ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார். மகன் செய்ததற்கு அவன் பேரைச் சொல்லி இரண்டு வார்த்தை திட்டினார், அதை இங்கே எழுத முடியாது. பிறகு சொன்னார்:

"நீ ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அதத் துடைப்ப. இன்னும் ஆச விடல பாவம்னு நானும் துடைச்சு வெச்சேன். அவன் வரமாட்டான்னு உனக்குத் தெரிஞ்சா, அப்புறம் எனக்கு இங்க என்ன வேலன்னு நீ கேட்டுட்டா நான் எங்க போவேன்? மக வீட்ல என்னால ஒரு வாரம் இருக்க முடியாது. அங்க ஏழு மணிக்கு செய்திதான் வைப்பாங்க."

நான் என்னென்னவோ பயந்துகொண்டிருந்தேன். அவரும் அதே பயத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே சோபாவில், ஒரு வருஷம். அவருடைய கையைப் பிடித்து, நீங்கள் எங்கேயும் போகக்கூடாது என்று சொன்னேன். "யாரு போறா?" என்றார். உனக்கு எழுதும்போது இப்போதும் கண் நிறைகிறது, அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

மறுநாள் காலையில் அத்தையே ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட்காரர் வெறும் தலையோடு வண்டி ஓட்டி, போன மாதம் கீழே விழுந்து தலையில் அடிபட்டு என்னிடமே படம் எடுக்க வந்தவர். அவருக்குக் கொடுத்தேன். புதிது போல இருக்கிறதே, போடவே இல்லையா என்று கேட்டார். துடைத்து வைத்திருந்தோம் என்றேன்.

இப்போது வீட்டில் புதுச் சண்டை. அந்தக் கத்தரிப்பூச் சுவரைக் கண்டாலே முதல் நாளிலிருந்து அத்தைக்குத் தலைவலியாம், "நீங்க ரெண்டு பேரும் ஆசப்பட்டு அடிச்சீங்களேன்னு" வாயைத் திறக்கவில்லையாம். எனக்கும் அது பிடிக்காது. என் வீட்டுக்காரர்தான் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தார். ஆறு வருஷமாக யாருக்கும் பிடிக்காத ஒரு சுவரை நாங்கள் காப்பாற்றி வந்திருக்கிறோம், நீ வேறு அதை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாய். அத்தையிடம் நம் மஞ்சள் சோபா படத்தைப் பற்றிச் சொன்னேன். தேடிப் பிடித்து மதியம் முழுவதும் பார்த்தார். கதாநாயகி சாகிற காட்சியில், "அந்த ஜன்னலுக்குப் பக்கத்துல இருக்கிற பச்ச நல்லா இருக்கு, நம்ம சுவருக்கு அதக் கேளு" என்றார். இந்த வீட்டில் இனி யார் பெருக்குவது என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது, 'பின்னால் என்ன?' விளையாட்டில் நேற்று அவர் என்னைத் தோற்கடித்துவிட்டார்.

உன் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. பதினேழு போட்டோவை மறக்க நாளாகும். ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தப்பு, அதை எனக்காகச் செய்தாய். அதையும் மறக்க மாட்டேன். உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், போன் செய்யலாம். ஆனாலும் கடிதத்தையும் நிறுத்தாதே, உன் கையெழுத்து நடிகைகளுக்கு மட்டும் என்று ஆகிவிடக்கூடாது.

சனிக்கிழமை கிளம்பி வா. பச்சை எவ்வளவு வேண்டும் என்று நீ வந்து அளந்தால்தான் வாங்க முடியும். திரைச்சீலையும் மாற்றவேண்டும், படகுகளைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. உன் ஜன்னல் அளவையும் எடுத்துக்கொண்டு வா, அத்தை உனக்கும் சேர்த்துத் தைக்கப்போகிறாராம். எந்தச் சாமானை எங்கே வேண்டுமானாலும் நகர்த்து, எதையும் திரும்ப வைக்க வேண்டாம். போனை வெளியே எடுத்தால் பிடுங்கிவிடுவேன்.

ஆணி மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. பிடுங்கினால் காரை பெயர்ந்துவிடும் என்று அத்தை தொடவிடவில்லை. நீ வந்ததும் கழுத்தில் இருக்கும் டேப்பைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சொல்லச் சொன்னார்.

எலும்பு